காசு குடுத்து வாங்கின புல்லு

எங்கட பக்கத்தில புல்லு எண்டாலே வெட்டுற சாமான்தான். விடியக்காலமை முத்தம் கூட்டி, ஒரு புல்லுப்பூண்டு இல்லாமல், மண்ணில விளக்குமாத்துக் கோடு தெரியக் கிடந்தால்தான் அந்த வீட்டில ஆக்கள் ஒழுங்கா இருக்கினம் எண்டு சனம் ஒத்துக்கொள்ளும். சண்டை முடிஞ்சு 2010ல கிளிநொச்சிக்குத் திரும்பி வந்து சொந்த வளவுக்குள்ள இறங்கினவைக்கு நான் சொல்லுறது இன்னும் கூட விளங்கும், வீடு எங்க கிணறு எங்க எண்டு பிடிபடாமல் ஆளுயரத்துக்குப் பத்தையும் கினிப்புல்லும் நிண்டது, மிதிவெடி எடுத்து முடிஞ்சுது எண்டு சொன்ன பிறகும் உள்ளுக்க கால் வைக்கக் கூசினது. அப்பிடி வெட்டி வெட்டி மீட்டெடுத்த வளவுக்குள்ள ஒருத்தி காசு குடுத்துப் புல்லு வாங்கி நட்டால் சனம் என்ன சொல்லும்? பக்கத்து வளவு மாமி வேலியால எட்டிப் பாத்திட்டு, "என்ன பிள்ளை, கண்டுக்கடைக்காரன் உன்னை நல்லா ஏய்ச்சுப் போட்டான் போல" எண்டா. இண்டைக்கும் அவவுக்கு அது "உன்ர கம்பந்தோட்டம்"தான்.

ஆனால் றோட்டால போற ஆக்கள் சைக்கிளை நிப்பாட்டி கேற்றடியில நிண்டு படம் எடுக்கினம், வட்சப்பில போட்ட படத்தைப் பாத்திட்டு "உந்த ஊதாப் புல்லு என்னது, எப்பிடி வளக்கிறது, கண்டு இருக்கோ" எண்டு கேட்டுக் கேட்டு வாறதால எல்லாத்தையும் ஒருக்கா இதில எழுதி விடுறன், இனிக் கேக்கிறவைக்கு இந்த லிங்கை அனுப்பினாக் காணும்.

சாமான் ஃபவுண்டன் கிராஸ், நான் ஃபவுண்டன் புல்லு எண்டு சொல்லுறது. என்னட்ட நிக்கிறது ஊதா இனம், ருப்ரம் எண்டு சொல்லுவினம். இலை ஒரு விரல் அகலம் வராது, கடும் ஊதா, வெயில் பின்னால நிண்டு அடிச்சால் சிவப்பாத் தெரியும். ஒரே அடியில இருந்து நூறு இலை மேல எழும்பி நாலா பக்கமும் வளைஞ்சு விழும், அதுக்கு நடுவில இருந்து பூக்கதிர் நீட்டிக்கொண்டு வரும், அணில் வால் மாதிரி, ஒரு சாண் நீளத்துக்கு. முதல் வரேக்க கதிர் நல்ல சிவப்பு ஊதா, பேந்து நாள் போகப் போக வெளிறி வைக்கோல் நிறத்துக்கு வந்திடும். கதிரோட சேத்து 3 அடியில இருந்து 5 அடி வரைக்கும் வளரும், அகலமும் கிட்டத்தட்ட 3 அடி எடுக்கும், அதால கடையில சின்னப் பொலித்தீன் பையில நிக்கிறதைப் பாத்திட்டு நெருக்கி நடாதேங்கோ. இரண்டு கண்டுக்கு நடுவில இரண்டரை, மூண்டு அடி விடோணும்.

மாமி கம்பு எண்டு சொல்லுறதிலயும் பிழை இல்லை. கம்பும் நேப்பியர் புல்லும் இதுவும் ஒரே பேரினம், விஞ்ஞானப் பேர் பெனிசெட்டம் எண்டு இருந்ததை இப்ப சென்க்ரஸ் எண்டதுக்குள்ள சேத்திட்டினம், அதால லேபிளில எந்தப் பேர் போட்டிருந்தாலும் குழம்பத் தேவையில்லை. எங்கட பக்கத்தில மாடு வளக்கிறவை சீஓ 3 எண்டு நடுற புல்லு கூட கோயம்புத்தூரில கம்பையும் நேப்பியரையும் கலந்து எடுத்ததுதான். சோளம், இறுங்கு, கரும்பு எல்லாம் எப்பிடி வெக்கையில நிண்டு வளருதோ அதே உடம்பு வாகுதான் இதுக்கும், அதாலதான் ஆடி ஆவணியில றோசாவும் செவ்வந்தியும் முகத்தைத் தொங்கப்போடுற நேரத்தில இது பாட்டுக்கு சோளகக் காத்தில ஆடிக்கொண்டு நிக்கும். வன்னிக் கோடைக்கு இவ்வளவு பொருத்தமான அழகுச்செடி வேற என்ன இருக்கு எண்டு யோசிச்சால் எனக்கு போகன்விலாவைத் தவிர ஒண்டும் ஞாபகத்துக்கு வரேல்ல.

இனி நான் சொல்லப் போறதை மட்டும் தயவுசெய்து வடிவா வாசியுங்கோ, மிச்சம் எல்லாம் பிழைச்சாலும் பரவாயில்லை.

ஃபவுண்டன் புல்லில பச்சை இனமும் இருக்கு. அதுதான் மூல இனம், வட ஆபிரிக்கா, கிழக்கு ஆபிரிக்கா, மத்திய கிழக்குப் பக்கத்துச் சாமான். இலை ஒடுங்கின பச்சை, கதிர் வெளிர் றோஸ் நிறம், ஊதாவில போல வளைஞ்சு தொங்காமல் கொஞ்சம் நிமிந்து நிக்கும். பாக்க அதுவும் வடிவுதான், ஆனால் அது விதை போடும், அந்த விதை காத்தில பறக்கும், மண்ணுக்குள்ள வருசக்கணக்கில கிடந்து முளைக்கும். ஹவாய்க்குப் போன நூற்றாண்டுத் தொடக்கத்தில பூந்தோட்டத்துக்கு எண்டு கொண்டுபோனது, பேந்து எரிமலைக் குழம்பு காஞ்ச பாறையில கூட பரவி, கோடையில காஞ்சு, நெருப்புப் பிடிச்சு, நெருப்புக்குப் பிறகு மற்ற மரம் செடிக்கு முதல் இதுவே திரும்ப முளைச்சு, இப்பவும் அதோட சண்டை பிடிச்சுக்கொண்டுதான் இருக்கினம். கனேரித் தீவுகளிலயும் அதே கதை. ஐரோப்பிய ஒன்றியம் 2017ல இதை அந்நிய ஆக்கிரமிப்புச் செடிகளின்ர பட்டியலில சேத்திட்டுது. எங்களுக்கு கினிப்புல்லு ஒண்டு காணாதோ? வெள்ளைக்காரன் காலத்தில மாட்டுத் தீனிக்கெண்டு வந்தது, இண்டைக்கு ஏ9 றோட்டுக்கரை முழுக்க அதுதான், வருசா வருசம் பங்குனி தொடங்கினால் எரியிறதும் அதுதான். 2023 ஆகஸ்டில ஹவாயில லஹைனா பட்டணம் எரிஞ்சதுக்கு, கைவிட்ட தோட்டக் காணியளில காஞ்சு நிண்ட வெளிநாட்டுப் புல்லுகளும் ஒரு காரணம் எண்டு சொன்னவை, அந்தப் புல்லுகளில எங்கட கினிப்புல்லும் ஒண்டு.

ஊதா இனம் அப்பிடி இல்லை. கதிர் வரும், ஆனால் முளைக்கிற விதை இருக்கிறது மிச்சம் குறைவு, அது கலப்பினம். என்ர வளவில பூத்துக் கொட்டின இடங்களைக் குனிஞ்சு குனிஞ்சு பாத்திருக்கிறன், ஒரு குஞ்சுக் கண்டு கூட எழும்பேல்ல. அதால ஒரு லேசான பரீட்சை சொல்லித் தாறன், ஒன்லைனில ஆரும் "ஊதா ஃபவுண்டன் கிராஸ் விதை" எண்டு பாக்கெட்டில வித்தால் அது ஊதா ஃபவுண்டன் இல்லை. ஒண்டில் பச்சை இனமா இருக்கும், இல்லாட்டி பேர்ப்பிள் மஜெஸ்டி எண்ட அலங்காரக் கம்பு, 2003ல அமெரிக்காவில தங்கப் பதக்கம் எடுத்த இனம், அது விதையிலதான் வரும், தடிச்ச தண்டு, கம்புக் கதிர், ஒரு போகத்தோட முடிஞ்சிடும். அது வேணுமெண்டால் வாங்குங்கோ, குருவிக்கு நல்லம். ஆனால் ஃபவுண்டன் வேணுமெண்டால் வேரோட இருக்கிற கண்டுதான் வாங்கோணும், இலை ஊதாவா இருக்கோணும், நிழல் வலைக்குக் கீழ நிண்டு வெளிறினது எண்டு கடைக்காரர் சொன்னால் அடி இலையையும் தண்டுக் கணுவையும் பாருங்கோ, அங்கயாவது ஊதா இருக்கும். அங்கயும் பச்சை எண்டால் வைச்சிட்டு வாங்கோ.

நடுறதுக்கு நல்ல காலம் ஐப்பசி, முதல் இரண்டு மழை விழுந்து மண் நனைஞ்ச கையோட. இடம் முழு வெயிலா இருக்கோணும், குறைஞ்சது 6 மணித்தியாலம். மாமரத்துக்குக் கீழ, மதில் நிழலுக்குள்ள நட்டால் சாகாது, ஆனால் நிறம் பச்சை கலந்து மங்கி, இலை நீண்டு சாஞ்சு விழும், பேந்து என்னைக் கேக்கிறேல்ல. மண்ணைப் பற்றி இது பெரிசா அலட்டிக்கொள்ளாது, முறிகண்டி மாங்குளம் பக்கத்துக் கிறவல் மண்ணில உண்மையிலயே சந்தோசமா நிக்கும். பிரச்சினை இரணைமடுக் கமம் பக்கத்து வயல் மண்ணிலதான், மாரியில தண்ணி நிண்டு அடிக்கட்டை அழுகிப் போயிடும், அப்பிடியான இடத்தில ஒரு முழ உயரத்துக்கு மேடு கட்டி, கொஞ்சம் கிறவலோ மணலோ கலந்து மேட்டில நடுங்கோ. முல்லைத்தீவுக் கரையோரச் சொரிமணலெண்டால் இதுக்கு எதிர்மாறு, மக்கின எருவும் தும்புத்தூளும் போட்டாத்தான் ஈரம் நிக்கும்.

தண்ணி, முதல் இரண்டு மூண்டு கிழமை தவறாமல் விடோணும், மழை இல்லாத நாளில. வேர் பிடிச்ச பிறகு கிழமையில ஒருக்கா ஆழமா ஒரு வாளி, அவ்வளவுதான், ஒவ்வொரு நாளும் ஹோஸ் பைப்பால மேல மேல தெளிக்கிறது நல்லதில்லை, வேர் மேலயே நிண்டிடும். வைகாசி தொடக்கம் புரட்டாசி வரைக்கும் கிணத்துத் தண்ணி இறங்கிப் போற காலத்தில நான் கிழமைக்கு ஒரு வாளிக்கு மேல குடுக்கிறேல்ல, இலை நுனி கொஞ்சம் காயும், காயட்டும். மரக்கறிக் கண்டுக்குத் தண்ணி இல்லாத நேரத்தில புல்லுக்கு ஊத்துறியோ எண்டு கேக்கிறவைக்கும் அதுதான் பதில்.

உரம் எண்டு பாத்தால் இது ஒரு வித்தியாசமான சாதி, குடுக்கக் குடுக்கக் கெட்டுப் போகும். யூரியா போட்டால் இலை கொழுத்து, பச்சையாகி, நடுவில பிளந்து படுத்திடும், கதிரும் குறைஞ்சிடும். 2021ல உரத்தடை வந்து ஊர் முழுக்க யூரியாவுக்கு அலைஞ்ச வருசம் என்ர தோட்டத்தில கவலைப்படாமல் நிண்ட ஒரே ஆள் இதுதான். வருசத்தில ஒருக்கா, வெட்டின கையோட, மக்கின மாட்டெரு ஒரு தாச்சி அடியைச் சுத்திப் போடுறன், அடிக்கட்டையில முட்டாமல். மூடாக்குக்கு வைக்கோல் போடாதேங்கோ, எங்கட பக்கத்துக் கறையானைத் தெரியும்தானே, சின்னக் கல்லு, உடைஞ்ச ஓட்டுத்துண்டு, இல்லாட்டி வெறுமண்ணே நல்லம்.

இனி வெட்டுறது. கன பேர் இதிலதான் பயப்படுகினம், இவ்வளவு வடிவா நிக்கிறதை எப்பிடி மொட்டையடிக்கிறது எண்டு. வெட்டாமல் விட்டால் பழைய இலை உள்ளுக்க காஞ்சு அடைஞ்சு, புதுக் குருத்து அதுக்குள்ளால எழும்ப ஏலாமல், மாரி மழையில அந்தக் குப்பை ஊறி அழுகி, அடுத்த வருசம் பாதி மூடு (அடியோட சேந்த புல்லுக்கொத்து) செத்துப்போன நிறத்தில நிக்கும். நான் வெட்டுறது புரட்டாசிக் கடைசியில, மழைக்குச் சரியா முதல். அப்பத்தான் மழையோட குருத்து எழும்பும், கார்த்திகை மார்கழி மப்பில நிறம் கொஞ்சம் மந்தமாத்தான் இருக்கும், தை வெயில் அடிக்க நிறம் ஏறும், பொங்கலுக்கு முத்தத்தில கோலம் போடேக்க கேற்றடியில ஊதாவா நிக்கும். சித்திரை வைகாசியில மொட்டையடிக்கிற வேலை வேண்டாம், மழையும் இல்லை, சுடுகாத்தும் அடிக்குது, நிழல் இல்லாமல் அடிக்கட்டை காஞ்சு போகும், அந்த நேரத்தில காஞ்ச இலையையும் பழைய கதிரையும் மட்டும் கையால உருவி எடுத்தால் காணும்.

வெட்டுற முறை இதுதான். நீளக்கைச் சட்டை போடுங்கோ, கையுறை போடுங்கோ, இலைக் கரை கையைக் கீறும், கீறின இடம் வேர்வை பட்டால் எரியிற எரிவு இரவு படுக்கும் வரைக்கும் இருக்கும். தும்புக்கயிறு ஒண்டை எடுத்து, முழு மூட்டையும் இடுப்பளவில சுத்தி இறுக்கிக் கட்டுங்கோ, கூந்தலைச் சேத்துக் கட்டுறாப்போல கட்டினால் எல்லா இலையும் ஒண்டாச் சேந்து நிமிந்து நிக்கும், அப்ப அடி வெளிச்சமாத் தெரியும். அடியை ஒரு தடியால தட்டிப் பாத்திட்டுத்தான் கையை வையுங்கோ, அது ஏன் எண்டு கீழ சொல்லுறன். பேந்து நெல்லு வெட்டுற அரிவாளால, தீட்டின அரிவாளா இருக்கோணும், நிலத்தில இருந்து அரைச் சாண் உயரத்தில சுத்தி வெட்டுங்கோ. கட்டு அப்பிடியே முழுசாக் கையோட வரும், முத்தம் முழுக்க இலை சிந்திக் கூட்டுற வேலை இல்லை. இன்னும் கீழ இறக்கி வெட்டினால் குருத்து இருக்கிற இடம் அடிபடும். வெட்டின புல்லுக்கட்டை மாட்டுக்குப் போட்டுப் பாத்தன், முத்தின இலையை மணந்து பாத்திட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போட்டுது, ஆனால் புதுக்குருத்து எண்டால் கட்டாக்காலி மாடு விடாது, அதால குருத்து எழும்புற காலத்தில படலையைச் சாத்தி வைக்கோணும்.

இரண்டு மூண்டு வருசத்தில மூட்டின்ர நடு செத்து, சுத்திவர மட்டும் பச்சை பிடிச்சு நிக்கிறது தெரியும். அப்ப பிரிச்சு நடோணும், கண்டு பெருக்கிறதும் இப்பிடித்தான். முதல் நாள் பின்னேரம் நல்லாத் தண்ணி விடுங்கோ. விடிய வெட்டிப்போட்டு, மூட்டைச் சுத்தி ஒரு சாண் தள்ளி மண்வெட்டியால பள்ளம் எடுத்து, அலவாங்கை அடியால குடுத்து நெம்பினால் முழு மூடும் மண்ணோட கிளம்பும், பாரம் எண்டால் சரியான பாரம், இவர் இல்லாமல் எனக்கு ஏலாது. ஒரு உரபாக்கை விரிச்சு அதில சரிச்சு வைச்சு, பழைய மரம் அரியிற வாளால பிளக்கிறது, கத்தி வேலைக்கு ஆகாது, வேர் அவ்வளவு இறுக்கம், நார் நாராப் பின்னிக் கிடக்கும். பிளக்கேக்க ஒரு பச்சை மணம் வரும், கரும்பு முறிச்ச இடத்து மணம். ஓரத்துத் துண்டுகள்தான் நல்லது, ஒவ்வொண்டிலயும் ஐஞ்சாறு குருத்தும் வெள்ளை வேரும் இருக்கோணும், நடுக்கட்டையை எறிஞ்சு விடுங்கோ, அதுக்கு இரங்கி ஒண்டும் ஆகாது. முதல் நிண்ட அதே ஆழத்தில நட்டு, காலால மிதிச்சு இறுக்கி, மேல ஒரு பனையோலையை இரண்டு நாளைக்குச் சாத்தி விட்டால் சரி. வேர் காத்துப்பட்டு வெயிலில கிடக்க விடாதேங்கோ, பிளந்து அரை மணித்தியாலத்துக்குள்ள மண்ணுக்குள்ள போயிடோணும்.

பாம்பு. எல்லாரும் கேக்கிற கேள்வி, ஞாயமான கேள்வியும் கூட. புல்லுக்கு எண்டு பாம்பு வாறேல்ல, அதுக்குள்ள ஒதுங்குற தவளைக்கும் எலிக்கும்தான் வரும். இலை நிலத்தில படுத்து, அடியில குப்பை சேந்தால் எலி கூடு கட்டும், எலிக்குப் பின்னால புடையன் வரும். அதால நான் இதை வீட்டு வாசலோட, கிணத்தடியோட, குசினிப் பக்கத்தோட நடேல்ல, கேற்றடியிலயும் மதில் கரையில வெளிச்சமான இடத்திலயும்தான். அடியை வெறுமையா வைச்சிருக்கிறன், இரவில டோர்ச் இல்லாமல் அந்தப் பக்கம் பிள்ளையளை விடுறேல்ல. நெருப்பும் அப்பிடித்தான், காஞ்ச இலை நல்லாப் பத்தும், குப்பை எரிக்கிற இடத்துக்குக் கிட்ட, கிடுகு வேலி, ஓலைக் கொட்டில் பக்கத்தில நடவே கூடாது.

பூச்சி நோய் எண்டு பெரிசா ஒண்டும் இல்லை. குரங்கு இதைத் திரும்பியும் பாக்கேல்ல, வாழை, மாங்காய், செவ்வரத்தம்பூ வரைக்கும் பிச்செறிஞ்ச குரங்கு தொடாத செடி எண்டால் எங்கட ஊரில அதுவே ஒரு சான்றிதழ்தானே. தினைக்குருவி மட்டும் வந்து காஞ்ச கதிரில இருந்து பஞ்சை உருவிக்கொண்டு போகும், கொண்டு போகட்டும்.

கூட என்ன நடலாம் எண்டால், வெள்ளைப் பட்டிப்பூ. வேற யோசிக்கவே வேண்டாம். அதுவும் தண்ணி கேக்காது, ஊதாவுக்குக் கீழ அந்த வெள்ளை எடுத்துக் காட்டும். முன்னால பத்துமணிப்பூ ஒரு வரிசை விடலாம். குரோட்டன் வேண்டாம், இரண்டும் போட்டிக்கு நிக்கும், கண் எங்க பாக்கிறது எண்டு தெரியாது.

சாடியில வளக்கலாமோ எண்டு கொழும்பில இருந்து ஒரு அக்கா கேட்டிருந்தா. வளக்கலாம், 14, 16 இஞ்சிச் சாடி வேணும், அடியில ஓட்டை கட்டாயம், கோடையில ஒவ்வொரு நாளும் தண்ணி, ஒவ்வொரு வருசமும் பிரிப்பு. கனடாவில இருக்கிற என்ர தங்கச்சியும் சாடியிலதான் வைக்கிறவள், அங்க இந்த ஊதா இனம் பனிக்குத் தாங்காது, மே மாசக் கடைசியில வாங்கி வைச்சு ஒக்டோபரோட எறியிற ஒரு வருசச் செடி அது. வருசா வருசம் காசு குடுத்துப் புதுசா வாங்குறாள். "உங்கட முத்தத்தில அது சாகாமலே நிக்குதோ அக்கா" எண்டு வீடியோ கோலில கேக்கேக்க எனக்கு வந்த பெருமையை மாமிக்குச் சொல்லி விளங்கப்படுத்தேலாது.

இந்த வருசம் புரட்டாசிக் கடைசியில கேற்றடி மூடுகளைப் பிரிக்கப் போறன். கிளிநொச்சிக்கு உள்ளுக்க இருக்கிறவை, தேவையெண்டால் கொமெண்டில சொல்லி வையுங்கோ, காசு வேண்டாம். ஆனால் விடிய 8 மணிக்கு முதல் வரோணும், ஈரச் சாக்கும் உரபாக்கும் நீங்களே கொண்டு வரோணும், கூரியரில அனுப்பச் சொல்லிக் கேக்கப்படாது. நடுக்கட்டையைத் தாங்கோ எண்டு கேட்டாலும் தரமாட்டன்.